ஐந்தரை நிமிட மாரியோ: மூன்று இலக்குகளின் கணக்கு

இந்த ஆய்வுக்கு உட்பட்ட ஆள் நான்தான். வயது 37. கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இந்த இரண்டு தேதிகளுக்கும் முன்னால் வரும் மூன்று மூன்று நாள்கள் எனக்குச் சொந்தமில்லை. மற்ற நாள்களில், மகள் தூங்கிய பிறகு 9:30 முதல் 11 வரை, வாரத்துக்கு நான்கு இரவு வீடியோ கேம் ஆடுவேன். ஆக மொத்தம் வாரத்துக்கு 6 மணி நேரம். கையிருப்பு அவ்வளவுதான்.

அந்த 6 மணி நேரத்தை வைத்து 2024 ஜனவரியிலிருந்து 2025 ஏப்ரல் வரை மூன்று இலக்குகள் போட்டேன். முதலாவது பாதி வழியில் செத்தது. இரண்டாவது நிறைவேறியது, ஆனால் நிறைவேறிய அன்று கேமே வேண்டாம் என்று தோன்றியது. மூன்றாவது நிறைவேறவில்லை. மூன்றிலும் நான் சந்தோஷமாக ஆடியது அந்த நிறைவேறாத மூன்றாவதில்தான். ஏன் என்பதுதான் இந்த எழுத்து. தொழில் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் நோட்டுப் போட்டு வைத்திருந்தேன், அதனால் எண்கள் ஞாபகத்திலிருந்து வருபவை அல்ல.

பள்ளி நண்பன் ஒருவன் ஆரம்பத்திலேயே கேட்டான்: "ஏன்டா மாப்ளே, ஆபீஸ்ல டார்கெட் வச்சு உசுர வாங்குறது பத்தாதா? விளையாடுறதுக்குமா?" நியாயமான கேள்வி. ஆனால் இலக்கே இல்லாமல் ஆடியதாக நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்திலும் இலக்கு இருந்தது, அதை வைத்தது வேறு ஆள். போனில் ஓர் ஆட்டம். தினமும் உள்ளே போனால் ஒரு பெட்டி, ஏழு நாள் விடாமல் போனால் பெரிய பெட்டி, ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. மச்சினன் குழந்தையின் காதுகுத்தில் மொய் எழுத உட்கார்ந்துவிட்டு, மேசைக்கு அடியில் போனைத் திறந்து அன்றைய பெட்டியை வாங்கியிருக்கிறேன். இரண்டு வருடம் இப்படிப் போனது. அந்தப் பெட்டிகளில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் ஒன்றுகூடச் சொல்லத் தெரியாது.

முதல் இலக்கு: வருடத்துக்கு 12 ஆட்டம்

கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கோடை விற்பனை, குளிர்கால விற்பனை என்று தள்ளுபடி வரும்போதெல்லாம் வாங்கிப் போட்டதில் 64 ஆட்டங்கள் சேர்ந்திருந்தன. அதில் 41 ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று ஸ்டீமில் விதி உண்டு. பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளவாவது திறந்திருக்க வேண்டுமே.

2024 ஜனவரி 1 அன்று நோட்டில் எழுதினேன்: மாதம் ஒன்று, வருடத்துக்கு 12 ஆட்டம் முடிக்க வேண்டும். பார்ப்பதற்கு நல்ல இலக்கு. எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. 'உன்னால் முடிந்ததைச் செய்' என்பதைவிடத் தெளிவான, கொஞ்சம் கஷ்டமான இலக்கு கொடுத்தால் ஆள் நன்றாகச் செய்வான் என்று எட்வின் லாக் 1968லேயே எழுதியிருக்கிறார். நான் அதை அப்படியே கடைப்பிடித்தேன்.

மே மாதக் கடைசியில் 7 முடிந்திருந்தது. கணக்குப்படி இரண்டு முன்னால். ஆனால் அந்த ஏழும் எப்படி வந்தன என்று பார்த்தால் வண்டவாளம் தெரியும். பட்டியலில் எது சின்னதோ அதையே எடுத்தேன். பாத்திரங்கள் பேச ஆரம்பித்தால் பட்டனைத் தட்டித் தாண்டினேன். கடினம் கூடினால் 'எளிது' என்று மாற்றினேன். ஒரு பெரிய ஆட்டம், 9 மணி நேரம் ஆடி நன்றாகப் பிடித்துப்போயிருந்ததை, மாசக் கடைசிக்குள் முடியாது என்று ஓரமாக வைத்துவிட்டு மூன்று மணி நேரத்தில் முடிகிற இன்னொன்றை எடுத்தேன். மார்ச்சில் முடித்த ஆட்டத்தின் கதை மே மாதத்தில் ஞாபகமில்லை.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பில் எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை தந்தார்கள். ஒரே வாரத்தில் பெரிய பில் ஒவ்வொன்றும் நான்காக உடைந்தது. அதையே நான் எனக்கே செய்துகொண்டிருந்தேன். சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் 1975ல் பணக்கொள்கையை வைத்துச் சொன்னதன் சாரமும் இதுதான்: ஒரு புள்ளிவிவரத்தைப் பிடித்து ஆட்டிவைக்க ஆரம்பித்தால், அது காட்டிக்கொண்டிருந்த உண்மை அதிலிருந்து நழுவிவிடும். ஜூன் 1 அன்று அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டேன்.

இரண்டாவது: 100 இறகு

எண்ணிக்கை வேண்டாம், ஒரே ஆட்டத்தை முழுசாக ஆடலாம் என்று முடிவு செய்தேன். கையில் பழைய பிளேஸ்டேஷன் 4 இருந்தது. அசாசின்ஸ் கிரீட் 2. ஆட்டத்தின் மற்ற எல்லாக் கோப்பைகளையும் சேர்த்தால் கிடைக்கும் பிளாட்டினம் கோப்பையை வாங்க வேண்டும். இந்தக் கோப்பை வழக்கம் அப்படியொன்றும் பழசில்லை. எக்ஸ்பாக்ஸ் 360 வந்த 2005ல் அச்சீவ்மென்ட் என்று ஆரம்பித்தது, பிளேஸ்டேஷனுக்கு 2008ல் வந்தது.

அந்த ஆட்டத்தில் கூரை விளிம்பு, மணிக்கூண்டு, சந்து மூலை என்று 100 இறகுகள் சிதறிக் கிடக்கும். கதையில் அதற்கொரு காரணம் உண்டு. நாயகன் எஸியோவின் தம்பி பெட்ருச்சியோ சின்னப் பையன், இறகு சேர்க்கிறவன். அவனையும் அப்பாவையும் அண்ணனையும் தூக்கில் போட்டுவிடுகிறார்கள். அம்மா பேச்சை நிறுத்திவிடுகிறாள். அந்த அம்மாவின் அறையிலுள்ள பெட்டியில் எஸியோ ஒவ்வோர் இறகாகக் கொண்டுவந்து போடுகிறான். நூறும் சேர்ந்தால் அவள் வாய் திறக்கிறாள்.

இவ்வளவு கனமான விஷயத்தை நான் எப்படி ஆடினேன்? போனில் யாரோ போட்ட வரைபடம், டிவியில் ஆட்டம், மடியில் நோட்டு. ஓர் இறகு, ஒரு டிக். அதோ அந்தக் கூரை, இதோ இந்தக் கூரை. ஃபிளாரன்ஸ் நகரத்தை நான் பார்க்கவே இல்லை, போனைத்தான் பார்த்தேன். ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆபீஸ்லதான் லெட்ஜர் டிக் அடிக்கறீங்க, வீட்டுக்கு வந்தும் அதேதானுங்களா?" என்றாள். பதில் சொல்லவில்லை. 73ஆவது இறகில் இருந்தேன்.

செப்டம்பரில் பிளாட்டினம் வந்தது. அம்மா பேசினாள். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பரிசாக ஒரு மேலங்கி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு போனால் ஊரிலுள்ள காவலர்கள் எல்லோரும் விரட்ட ஆரம்பிப்பார்கள், அதுதான் அதன் குணம். அந்த ஒரு நகைச்சுவையைத்தான் ரசித்தேன்.

1973ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்ட் மழலையர் பள்ளியில் செய்த சோதனை இங்கே பொருந்தும். ஸ்கெட்ச் பேனாவில் படம் வரையப் பிடித்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொல்லித் தந்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களைப் பரப்பி வைத்தபோது அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி. சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பு இல்லை. ஆக குற்றம் பரிசின் மேல் அல்ல. 'இதுக்காகத்தான் வரைகிறேன்' என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டதில் இருக்கிறது. நூறு இறகை வழியில் தற்செயலாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தால் இருபதோடு நின்றிருக்கும், அந்த இருபதும் மனதில் இருந்திருக்கும்.

மூன்றாவது: 5:30

2024 தீபாவளிக்குத் துபாயிலிருந்து வந்த மச்சான் ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் கொண்டுவந்து மகளுக்குக் கொடுத்தார். அதன் சந்தாவில் பழைய ஆட்டங்கள் உண்டு. 1985ல் ஜப்பானில் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸும் இருந்தது. நம் ஊரில் மஞ்சள் கேசட்டில் 'இத்தனை ஆயிரம் ஆட்டம் ஒன்றில்' என்று போட்டு வருமே, அதில் முதலில் நிற்கிற அதே மாரியோ.

மகளுக்கு ஒன்பது வயது. "அப்பா, நீங்க சின்ன வயசுல இத முடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். முடித்ததில்லை. மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கடையில் ஆடியவன் நான். நான்காவது உலகம் தாண்டுவதற்குள் கடைக்காரர் டைம் ஆச்சு என்பார். கடைசி அரண்மனை எப்படி இருக்கும் என்றே தெரியாது. 28 வருடம் கழித்து அது திடீரென்று உறுத்தியது.

கையில் எடுத்ததும் முதல் அதிர்ச்சி, வேகம். மாரியோ நான் நினைத்ததைவிட வேகமாக ஓடினான், எல்லாக் குதியும் தப்பியது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஆட்டம் நொடிக்கு 60 பிரேமுக்கு, அதாவது நொடிக்கு 60 படம் காட்டும் திரைக்கு, எழுதப்பட்டது. நம் அந்தக்கால டிவிக்கு ஏற்ற மலிவு கேசட் மெஷின்களோ 50 பிரேமில் ஓடியவை. சின்ன வயதில் என் விரல் கற்றது ஆறில் ஐந்து பங்கு வேகத்து மாரியோவை.

நவம்பர் 3 அன்று இடையிடையே சேமித்துக்கொண்டு முடித்தேன். 16 அன்று சேமிக்காமல் முடித்தேன், 8 நிமிடம் 40 நொடி. முழு ஆட்டத்தில் எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு என 32 நிலைகள் உண்டு; 1-2 என்றால் முதல் உலகத்தின் இரண்டாம் நிலை. குறுக்கு வழி தெரிந்தால் எட்டு போதும்: 1-1, 1-2, அங்கே கூரைமேல் ஓடி நான்காம் உலகத்துக்குக் குழாய், 4-1, 4-2, அங்கே மறைந்திருக்கும் கட்டைகளைத் தட்டிக் கொடி ஏறி எட்டாம் உலகம், பிறகு 8-1 முதல் 8-4 வரை. அன்று இரவு நோட்டில் எழுதினேன்: 2025 ஏப்ரல் 14, சித்திரை ஒன்றுக்குள் 5:30.

ஏன் 5:30? உலகத்தில் இதை வெறியோடு ஓடுகிறவர்கள் 5 நிமிடத்துக்குக் கீழே போய்ப் பல வருடம் ஆகிறது. டார்பியன் என்ற பெயரில் ஆடியவர் 2016ல் 4:57ஐ உடைத்தார். நிஃப்ட்ஸ்கி 2021 ஏப்ரலில் 4:54.948 ஓடி முதன்முதலாக 4:55ஐ உடைத்தார். அந்த நான்கரை வருடத்தில் உலகம் மொத்தமும் சேர்ந்து குறைத்தது இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த உயரத்துக்குப் போகச் சுவருக்குள் நுழைவது, கொடிக்கம்பத்தை ஏமாற்றுவது போன்ற தந்திரங்கள் வேண்டும். அதற்கு என்னிடம் இரவுகள் இல்லை. 5:30க்குத் தந்திரம் வேண்டாம். தடுமாறாமல், நிற்காமல், சாகாமல் ஓடினால் கிடைக்கும். என் 6 மணி நேரத்துக்குள் அடங்குகிற பெரிய எண் அது.

இலக்கோடு சேர்த்து, நிறுத்துவதற்கான நிபந்தனைகளையும் அன்றே எழுதினேன். இந்த ஆய்வில் ஒரு பக்கத்தை மட்டும் யாருக்காவது கொடுக்கலாம் என்றால் அதைத்தான் கொடுப்பேன். ஒரே வாரத்தில் இரண்டு முறை 11 மணியைத் தாண்டினால் மறுவாரம் கிடையாது. மணிக்கட்டு அடுத்தடுத்து இரண்டு நாள் வலித்தால் பத்து நாள் கிடையாது. 11க்கும் 20க்கும் முந்தைய மூன்று நாள்கள் தொடவே கூடாது. ஏப்ரல் 14க்குப் பிறகு, எந்த எண்ணில் நின்றாலும் நிறுத்தம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறைக்கு வந்த கேமிங் கோளாறு பற்றிய விளக்கத்தில் மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன: ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போவது, மற்ற வேலைகளைவிட அது முந்திக்கொள்வது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. பொதுவாக ஒரு வருடம் நீடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். நான் அந்த ரகம் இல்லை. ஆனாலும் காதுகுத்து மேசை ஞாபகம் இருந்தது.

டைமரை மறைத்த ஐந்து வாரம்

லேப்டாப்பில் லைவ்ஸ்பிளிட் என்ற இலவச டைமர். ஒவ்வொரு நிலை முடிந்ததும் ஒரு தட்டு தட்டினால் அந்த நிலைக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, என் பழைய சாதனையைவிட முன்னாலா பின்னாலா என்று பச்சை சிவப்பில் காட்டும். கையால் தட்டுவதால் பின்னத்தை நம்பவில்லை, முழு நொடிதான் என் கணக்கு.

முதல் மூன்று வாரம் படுதோல்வி. 46 தடவை தொடங்கி 3 தடவைதான் முடித்தேன். சிறந்தது 7:12. சிவப்பு எண்ணைப் பார்த்ததும் கை பதறும், பதறினால் குழியில் விழும், விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. 8:40ல் முடித்த நாளில் இருந்த நிதானம்கூடப் போயிற்று.

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது, வினோதமாக அதுவும் ஒரு கணினி ஆட்டம் மாதிரிதான். 1989ல் கேன்ஃபர், ஆக்கர்மன் இருவரும் அமெரிக்க விமானப் படைப் பயிற்சி வீரர்களை வைத்து, விமானங்களைத் தரையிறக்கும் ஒரு திரைப் பயிற்சியைக் கொடுத்தார்கள். கற்க ஆரம்பிக்கும்போதே எண் இலக்கு கொடுத்தால் அது கெடுத்தது. கொஞ்சம் கைவந்த பிறகு கொடுத்தால் உதவியது. புதுசாக ஒன்றைக் கற்கும்போது மூளைக்கு இருக்கிற கவனமே கொஞ்சம், அதில் ஒரு பங்கை 'எவ்வளவு ஆச்சு' என்ற கேள்வி தின்றுவிடுகிறது. லாக்கின் கருத்தை நான் ஜனவரியில் பாதிதான் படித்திருந்தேன் போலிருக்கிறது.

டிசம்பர் 8 அன்று டைமரை மூடினேன், பொங்கல் வரை திறப்பதில்லை என்று. இலக்கு மாறியது: எந்த நிலையில் எது கொல்கிறது என்று எழுதுவது, அதற்கு ஒரு பதில் கண்டுபிடிப்பது. 8-3ல் சுத்தியல் எறிகிறவர்கள் ஜோடி ஜோடியாக நிற்பார்கள். சேமித்த இடத்திலிருந்து அந்த நிலையைத் தொடர்ந்து ஐந்து முறை சாகாமல் தாண்ட வேண்டும், நான்காவதில் செத்தால் மறுபடி ஒன்றிலிருந்து. அந்த ஐந்துக்கு ஒன்பது இரவுகள் ஆயின. நேரம் பார்க்கவில்லை. ஆனால் சுத்தியல் எந்தத் தாளத்தில் வருகிறது, எந்த இடைவெளியில் புகலாம் என்பது ஆறாவது இரவில் கண்ணில் பட ஆரம்பித்தபோது வந்த சந்தோஷம், பிளாட்டினம் கோப்பைக்கு வரவே இல்லை.

இந்த ஐந்து வாரத்தில்தான் இன்னொன்றும் பிடிபட்டது. சரியாக விளிம்பில் குதிக்கிறேன், விழுகிறேன். கையைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் டிவி அமைப்பில் 'கேம் மோட்' என்று ஒன்று இருப்பதைப் பார்த்துப் போட்டேன். படத்தை அழகாக்க டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் அதில் குறையும். பத்தில் ஒரு நொடி தாமதம் என்றால் ஆறு பிரேம். மாரியோ ஓடும்போது ஆறு பிரேம் என்பது நிலத்துக்கும் குழிக்கும் உள்ள தூரம். அன்றைய நோட்டில் ஒரே வரிதான்: 'குற்றம் டிவி மேல்.' இலக்கு எட்டவில்லையென்றால் முதலில் நம்மைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம், கருவியைக் கடைசியில்தான் சந்தேகப்படுகிறோம்.

பொங்கல் விடுமுறையில் டைமரைத் திறந்தேன். மூன்றாவது ஓட்டத்திலேயே 5:58.

பிப்ரவரியில் நின்ற இடம்

பிப்ரவரி நடுவில் 5:41. அதன்பின் ஒரு மாதம் அசையவில்லை. மார்ச் இரண்டாவது ஞாயிறு உட்கார்ந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தேன், கணக்குக்காரனுக்கு அதுதானே தெரியும். பொங்கலிலிருந்து 212 தொடக்கங்கள். அதாவது 1-1 நிலையை 212 முறை ஆடியிருக்கிறேன். 8-3 வரை போனது 19 முறை. எது நன்றாகத் தெரியுமோ அதையே திரும்பத் திரும்பப் பழகியிருக்கிறேன், எதில் சாகிறேனோ அது கண்ணிலேயே படவில்லை.

கணக்கு எளிது. எட்டு நிலையிலும் தடுமாறாமல் போக ஒவ்வொன்றிலும் பத்துக்கு எட்டு வாய்ப்பு என்று வையுங்கள். எட்டையும் பெருக்கினால் சுமார் 17 சதவீதம், ஆறு ஓட்டத்தில் ஒன்று. என் நிலைமை வேறு. ஏழு நிலையில் பத்துக்கு ஒன்பது, 8-3ல் மட்டும் பத்துக்கு மூன்று. மொத்தம் 14 சதவீதம். நன்றாக வருகிற ஒரு நிலையை 90லிருந்து 95 ஆக்கினால் 15 ஆகும். 8-3ஐ 30லிருந்து 60 ஆக்கினால் 29. அதுவரை என் 6 மணி நேரத்தை எங்கே போட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

அன்றிலிருந்து இரவின் முதல் 40 நிமிடம் சேமித்த இடத்திலிருந்து 8-2, 8-3 மட்டும். மிச்சம் 50 நிமிடம் முழு ஓட்டம். நோட்டில் எழுதும் இலக்கும் அன்றன்றைக்கு மாறியது: 'இன்று 5:35' என்று எழுதுவதை விட்டுவிட்டு 'இன்று இரண்டு முழு ஓட்டமாவது 8-4ஐத் தொட வேண்டும்' என்று எழுதினேன். முதலாவது என் கையில் இல்லை, இரண்டாவது ஓரளவு இருக்கிறது.

சின்னத் தப்புக்கே ஓட்டத்தை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும் ரீசெட் பித்தையும் குறைத்தேன். அதற்கு உதவியது இந்த ஆட்டத்தின் ஒரு விசித்திரம். நிலை முடிந்ததும் அடுத்ததுக்குப் போகலாமா என்று ஆட்டம் 21 பிரேமுக்கு ஒருமுறைதான் பார்க்கும். ஓடுகிறவர்கள் இதற்கு பஸ்ஸை உதாரணம் சொல்வார்கள்: 21 பிரேமுக்கு, அதாவது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு, ஒரு பஸ். நீங்கள் கொஞ்சம் முன்னால் வந்து நின்றாலும் அதே பஸ்தான். கொஞ்சம் தாமதித்தால் சில சமயம் ஒன்றும் குறையாது, சில சமயம் அடுத்த பஸ். கடைசி நிலைக்கு மட்டும் பஸ் கிடையாது, அங்கே கோடாரியைத் தொடும் கணமே முடிவு. டார்பியனிடமிருந்து நிஃப்ட்ஸ்கி வரை உலகம் முன்னேறியது ஆறு பஸ்ஸுக்கும் குறைவுதான். என் மட்டத்தில் ஒரு சின்னத் தடுக்கல் அதிகபட்சம் ஒரு பஸ். அதற்காக ஓட்டத்தையே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவன் நான்.

மார்ச் கடைசியில் 5:34. ஏப்ரல் தொடக்கத்தில் ஓர் இரவு 5:31.

அந்த ஓட்டத்தில் 8-4க்குள் நுழையும்போது டைமர் பச்சையில் இருந்தது. நெஞ்சு அடித்த சத்தம் எனக்கே கேட்டது. டார்பியன் நேரலையில் ஆடும்போது இதயத்துடிப்பு எண்ணையும் திரையில் காட்டுவார், ஓட்டம் நன்றாகப் போகப் போக அந்த எண் ஏறுவதைப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் ஓடியவருக்கே அப்படி. கடைசிக் குழாய்க்கு முன்னால் ஒரு குதியில் தயங்கினேன். ஒரு நொடிக்கு மேலே போயிருக்கும்.

நிறுத்தம்

லைவ்ஸ்பிளிட் இன்னொரு எண்ணும் காட்டும். ஒவ்வொரு நிலையிலும் நம் சிறந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் எவ்வளவு என்று. எனக்கு அது 5:19. பார்க்கப் பார்க்க, யாரோ எனக்கு 12 நொடி தர வேண்டியிருக்கிறது போலவே இருந்தது. உண்மையில் அது வசூலாகாத பாக்கி மாதிரி. ஏட்டில் இருக்கும், கைக்கு வராது. எட்டு நிலையின் உச்சமும் ஒரே இரவில் வரும் என்று எந்தக் கணக்காளனும் நம்பமாட்டான். நான் நம்பினேன்.

ஏப்ரல் 14 வந்தது. 5:31. நிறுத்தம் என்று நானே எழுதியிருந்தேன். மாதக் கடைசி வரை நீட்டித்தேன்.

அந்தப் பத்துச் சொச்சம் நாளின் பக்கங்கள்தான் நோட்டிலேயே அசிங்கமானவை. நாள் இலக்கு எதுவும் இல்லை, '5:29' என்று மட்டும் பெரிதாக. 40 நிமிடப் பயிற்சி போயிற்று. 1-2ல் ஒரு பஸ் போனாலும் ரீசெட். 18ஆம் தேதி, தொடவே கூடாத நாள், 12:20 வரை ஆடினேன். மறுநாள் ஆபீஸில் உள்ளீட்டு வரியில் ஒரு விலைப்பட்டியலை இரண்டு முறை ஏற்றியிருந்தேன், தாக்கல் செய்வதற்கு முன் மேலாளர் பிடித்தார். 24, 25 இரண்டு நாளும் மணிக்கட்டு வலித்தது. இந்த நாள்களில் வந்த சிறந்த நேரம் 5:36. மகள் பக்கத்தில் வந்து "நான் ஒரு தடவ ஆடட்டுமாப்பா?" என்று கேட்டதற்கு, "ஓடிட்டிருக்கேன்ல" என்று கத்தினேன். அது நோட்டில் இல்லை, ஆனால் இருக்கிறது.

27ஆம் தேதி நிறுத்தினேன். 5:31க்குக் கீழே இரண்டு கோடு போட்டேன், லெட்ஜர் முடிக்கிற மாதிரி.

இப்போது சனிக்கிழமை இரவில் மட்டும், டைமர் இல்லாமல், 8-3. சுத்தியல்காரர்களை மிதிக்காமல், நிற்காமல், நடுவில் புகுந்து போகிற ஒரு வழி இருக்கிறது. மகள் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இறங்கிப் பார்த்து எதில் என்ன இருக்கிறது என்று தன் ரஃப் நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறாள், மூன்றாம் உலகம் வரை வந்திருக்கிறது. நண்பன் கேட்டான், அடுத்து என்னடா டார்கெட் என்று. இன்னும் எழுதவில்லை. 20ஆம் தேதி தாண்டட்டும்.